காக்கர் ஸ்பேனியல் நாய்களின் உடல்நலம்: மதுரையில் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை கே. புதூரில் உள்ள எங்கள் வீட்டில் 21 ஆண்டுகளாகக் காக்கர் ஸ்பேனியல் இருந்துவருகிறது. இப்போது இருப்பது மூன்றாவது. குட்டி வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு, எங்கள் நாய்களுக்கு மருத்துவம் பார்த்த கால்நடை மருத்துவர்கள் விளக்கிச் சொன்னதையும் நானே கண்டதையும் வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆகவே மருந்தின் அளவு எதையும் குறிப்பிடவில்லை. அது நாயின் எடையையும் நோயையும் நேரில் பார்த்தவர் சொல்ல வேண்டியது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இனத்துக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நீண்ட முடிக்கும் தொங்கும் காதுக்கும் அடியில் மறைந்து வளர்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் பக்கத்து நாய்களின் உடலில் ஒரு புண் வந்தால் தெருவில் போகிறவர் கண்ணுக்கும் படும். ஸ்பேனியலுக்கு வந்தால் வளர்ப்பவர் கையால் முடியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

எங்களிடம் இருப்பது இங்கிலீஷ் காக்கரா, அமெரிக்கன் காக்கரா? நோயைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமா?

முக்கியம்தான். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றாலும், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 1946-இல் இவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. அமெரிக்கன் காக்கருக்குத் தலை உருண்டு மேடாக இருக்கும். மூக்குப் பகுதி குட்டையாக இருக்கும். வயிற்றிலும் காலிலும் முடி மிக அடர்த்தியாகத் தொங்கும். இங்கிலீஷ் காக்கர் சற்று உயரமானது, முகம் நீண்டது, முடி அளவானது. காது நோயும் தோல் நோயும் இரண்டுக்குமே வரும். கண் அழுத்த நோயும், காதுக் குழாய் தடித்து அடைபடுவதும் அமெரிக்கனில் கூடுதலாகக் காணப்படுகின்றன. பரம்பரைச் சிறுநீரக நோய் இங்கிலீஷ் காக்கரின் தனித் தொல்லை. அமெரிக்கன் காக்கரில் இன்னொரு அரிய பரம்பரைக் குறையும் உண்டு: தசைகளும் இரத்தச் சிவப்பணுக்களும் சர்க்கரையை எரிப்பதற்குத் தேவையான ஒரு நொதி அவற்றில் குறைவாக இருக்கும். அத்தகைய நாய் வெயிலில் ஓடிக் கடுமையாக இரைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் காபி நிறத்தில் போகும். நம் ஊர் வெப்பத்தில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மதுரை வெயிலில் இந்த நாயை வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் அதன் நாளை நாம் வெயிலுக்கு ஏற்ப மாற்றி அமைக்க வேண்டும். குளிர்ந்த நாட்டுப் புதர்க்காட்டில் பறவைகளைக் கிளப்பி விடுவதற்காக உருவாக்கப்பட்ட இனம் இது. சித்திரையிலும் வைகாசியிலும் 40 டிகிரியைத் தொடும் ஊரில் வாழும்படி உருவானதன்று. மார்ச் முதல் ஜூலை வரை காலை ஆறரைக்குள்ளும் இரவு ஏழரைக்குப் பின்னும்தான் நாங்கள் வெளியே கூட்டிச் செல்கிறோம். தார்ச் சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, நமக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது என்று கொள்ளுங்கள். மொட்டை மாடியில் கட்டிப் போடுவதும், ‘ஐந்து நிமிடந்தானே’ என்று கதவடைத்த காரில் விட்டுப் போவதும் நாயைக் கொன்றுவிடக் கூடிய செயல்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். எச்சில் கெட்டியாகி நூலாக வடிவது, ஈறு அடர்சிவப்பாவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, முடியின் மேற்பரப்பு மட்டும் நனைந்து நின்றுவிடாமல் அடித்தோல் வரை குழாய்த் தண்ணீர் இறங்கும்படி ஊற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அதன்பின் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குளிர்விக்காமல் கிளம்பினால் போகிற வழியிலேயே உயிர் போய்விடக்கூடும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சிறிது நேரத்தில் அதுவே வெப்பத்தை உள்ளே அடைத்து வைக்கும்.

கோடைக்கு மொட்டை அடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வயிறு, அக்குள், காதின் உட்புறம், விரலிடுக்கு ஆகிய இடங்களில் முடியை ஒட்ட வெட்டுவது உண்மையிலேயே உதவும். முதுகு முடியைத் தோல் தெரியச் சிரைத்தால் வெயில் நேராகத் தோலில் படும். திரும்ப வளரும் முடியும் சில நாய்களில் பஞ்சு போல மாறிச் சிக்குப் பிடிக்கிறது.

காதில் நாற்றம் வருகிறது. தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். நாயின் காதுக் குழாய் நமக்கு இருப்பதுபோல நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு மடங்கிச் செவிப்பறையை நோக்கிச் செல்கிறது. காக்கருக்கு அந்தக் குழாயின் உள்ளேயே முடி மிகுதி. மெழுகு சுரக்கும் சுரப்பிகளும் பல இனங்களைவிட அதிகம். போதாதற்குக் கனத்த காது மடல் மூடிபோல மேலே படுத்திருக்கிறது. வெப்பமும் ஈரமும் மெழுகும் ஒரே இடத்தில் அடைபட்டிருக்க, தோலில் எப்போதும் சிறிதளவு இருக்கும் ஈஸ்ட் பூஞ்சை அங்கே பெருகிவிடுகிறது. புளித்த மாவை நினைவூட்டும் வாடையும் பழுப்பு நிற அழுக்கும் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பூஞ்சைதான். மஞ்சள் அல்லது பச்சைச் சீழும் அழுகல் நாற்றமும் இருந்தால் பாக்டீரியா சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. என்றாலும் மூக்கால் முகர்ந்து முடிவு கட்டக் கூடாது. மருத்துவர் காதழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சோதனை இல்லாமல் எழுதித் தரப்படும் சொட்டு மருந்தை நான் இப்போது ஏற்றுக்கொள்வதில்லை. சோதித்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்கிறேன்.

எங்கள் முதல் நாய்க்கு இரண்டாவது வயதில் இந்தத் தொல்லை தொடங்கியது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை நம் காது வலிக்கு ஊற்றுவது வழக்கமல்லவா? அதையே நானும் அதற்கு ஊற்றினேன். எண்ணெய் பூஞ்சைக்குத் தீனியானது. கீழே இறங்கிய எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் தேங்கிக் கிடந்தது. வாரக்கணக்கில் தலையைச் சாய்த்தபடியே நடந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். அதற்குள் செவிப்பறை ஓட்டையாகி, நடுக்காதிலும் சீழ் பிடித்திருந்தது. அந்த நாய் 12 வயது வரை வாழ்ந்தது. அந்தப் பக்கத்துக் காது கடைசி வரை கேட்கவில்லை. எண்ணெய், வேப்பெண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் கலந்த நீர் ஆகிய எதையும் காதுக்குள் ஊற்றாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் காதை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்?

நாய்களுக்கென விற்கும் காது கழுவும் திரவத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். காது மடலை மேலே தூக்கிப் பிடித்து, குழாய் நிரம்பும் அளவுக்கு ஊற்றி, காதின் அடியில் குருத்தெலும்பு தட்டுப்படும் இடத்தை அரை நிமிடம் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று ஓசை கேட்கும். பிறகு அதுவாகத் தலையை உதறட்டும். மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடையுங்கள், உங்கள் விரல் போகும் தூரம் மட்டும். குச்சியில் சுற்றிய பஞ்சை உள்ளே விட்டால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்படும். சாதாரண நாளில் வாரம் ஒரு முறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திலும், குளிப்பாட்டிய பின்னும் கூடுதலாக ஒரு முறை. ஆரோக்கியமான காதை நாள்தோறும் கழுவினால் தோல் ஊறிப்போய் அதுவே நோய்க்கு இடம் கொடுக்கும். காது சிவந்து வலிக்கும் நிலையில் இருந்தால் கழுவாதீர்கள். செவிப்பறை முழுதாக இருக்கிறதா என்று மருத்துவர் கருவியால் பார்க்கும் முன் எந்தத் திரவமும் உள்ளே போகக் கூடாது.

சாப்பிடும்போது காது இரண்டும் தட்டில் விழுந்து ஊறுவதும் ஒரு காரணம். வாய் குறுகிய, ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். பழைய காலுறையின் விரல் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மீதியைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தலையில் மாட்டிக் காதுகளைப் பின்னால் ஒதுக்கலாம். எங்கள் வீட்டில் இது நன்றாகவே பயன்படுகிறது.

நடைக்குப் போய் வந்தவுடன் ஒரே ஒரு காதைத் திடீரென்று உதறத் தொடங்கியது. இதுவும் பூஞ்சையா?

பெரும்பாலும் இல்லை. அழகர்கோவில் சாலைப் பக்கமும், நாகமலை அடிவாரத்திலும், காலி மனைகளிலும் மழைக்குப் பின் வளரும் ஊசிப்புல்லின் விதை காதுக்குள் போயிருக்கலாம். அந்த விதை ஒரு திசையில் மட்டுமே நகரும் அமைப்புடையது; உள்ளே போகுமே தவிர வெளியே வராது, செவிப்பறையைக்கூடத் துளைத்துவிடும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விரலிடுக்கிலும் இதே விதை ஏறிச் சீழ்க்கட்டியாகும். ஆகவே நடை முடிந்து வீட்டுக்குள் வருமுன் காது, அக்குள், நான்கு பாதம் ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஓயாமல் உதறியதால் காது மடல் பலூன் போல வீங்கியிருந்தால், மடலுக்குள் இரத்தக் குழாய் உடைந்து இரத்தம் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஊசியால் குத்தி எடுத்தால் மீண்டும் நிரம்பும். மருத்துவர் செய்ய வேண்டிய சிகிச்சை அது. இரத்தமோ சீழோ கசிந்தால் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அதற்குக் கற்பூரத்தையோ பாச்சை உருண்டையையோ பொடித்துப் போடாதீர்கள். அவை நாய்க்கு நஞ்சு.

மருந்து போட்டால் சரியாகிறது, நிறுத்தினால் ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

காதில் தெரிவது விளைவு; காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஸ்பேனியல்களில் திரும்பத் திரும்ப வரும் காது நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கும்: வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சி, மகரந்தம், தெள்ளுப்பூச்சி, அல்லது உணவிலுள்ள ஒரு புரதம். பாதத்தை ஓயாமல் நக்குவதும் வயிற்றில் சிவப்பதும் உடனிருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இப்படி ஆகும். மருத்துவரிடம் அடுத்த சொட்டு மருந்தைக் கேட்பதற்குப் பதிலாகக் காரணத்தைத் தேடும்படி கேளுங்கள். சீழை வளர்த்துப் பார்த்து எந்த மருந்து வேலை செய்யும் என்று அறியும் சோதனையையும் கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் குழாயின் சுவர் தடித்து, சுண்ணாம்பு படிந்து கல்லாகி, மருந்து இறங்க வழியே இல்லாமல் போகும். அதன்பின் மிஞ்சுவது காதுக் குழாயை முழுவதுமாக அகற்றும் அறுவை சிகிச்சைதான். அது பெரிய அறுவை. ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்ட நாய்க்கு வலியிலிருந்து அதுவே விடுதலை. ‘காதை எடுப்பதா’ என்று தள்ளிப்போட்டு அதை வருந்த விடாதீர்கள்.

அன்பாக இருந்த நாய் திடீரென்று உறுமுகிறது, கடிக்க வருகிறது. இந்த இனத்துக்கு வெறி வரும் என்கிறார்களே?

வெறி என்று பெயர் வைப்பதற்கு முன் அதன் காதைப் பாருங்கள். தலையைத் தடவும்போது, கழுத்துப்பட்டை மாட்டும்போது, குழந்தை காதைப் பிடிக்கும்போது மட்டும் உறுமினால் அங்கே வலி இருக்கிறது. பற்களையும் கண்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கடித்திருந்தால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்வதில் தாமதம் கூடாது.

கண்ணின் உள்மூலையில் சிவப்பாக ஒரு சதை உருண்டை வந்திருக்கிறது.

நாய்க்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதன் அடியிலுள்ள கண்ணீர்ச் சுரப்பி இடம் பெயர்ந்து வெளியே பிதுங்கியிருக்கிறது. செர்ரிப் பழம் போலத் தெரிவதால் செர்ரி கண் என்பார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட காக்கர்களில் இது அடிக்கடி வரும். ‘சதைதானே, வெட்டி எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணீரில் கணிசமான பங்கை அந்தச் சுரப்பி தருகிறது. வெட்டினால் சில ஆண்டுகளில் கண் வறண்டுபோகும். கண் வறட்சி ஏற்கெனவே மிகுதியாக வரும் இனம் இது. சுரப்பியை உள்ளே தள்ளி, பை போலத் தைத்து மூடும் அறுவையே சரியானது. எல்லா மருத்துவமனைகளிலும் அதைச் செய்வதில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரிகள் தேனியிலும் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் இருக்கின்றன. 1903-இல் தொடங்கிய கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் எங்கே அனுப்பலாம் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணில் எப்போதும் பசை போலப் பீளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைத்தால் மறுபடி வருகிறது.

இதுதான் அந்தக் கண் வறட்சியாக இருக்கலாம். ஈரம் இல்லாத கண் தன்னைக் காத்துக்கொள்ளக் கெட்டியான சளியைச் சுரக்கிறது. நாம் அதைக் கண் நோவு என்று எண்ணி ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விடுகிறோம். இமையின் உட்புறம் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளப்பதே இதற்கான சோதனை. 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இயல்பு. 10-க்குக் கீழே போனால் வறட்சி. வலியில்லாத, செலவு குறைந்த சோதனை இது. சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கண் மருந்தைப் பெரும்பாலான நாய்களுக்கு வாழ்நாள் முழுவதும் போட வேண்டியிருக்கும். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் கருமை படர்ந்து பார்வை மறையும்.

இருட்டில் மாடிப்படி இறங்கத் தயங்குகிறது. வயதாகிவிட்டதா?

வயது மட்டும் காரணமாக இருக்காது. விழித்திரை மெல்ல மெல்ல அழியும் பரம்பரை நோய் ஒன்று காக்கரில் உண்டு. முதலில் மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும், பிறகு பகலிலும் மறையும். பெரும்பாலும் நடுவயதில் தொடங்குகிறது. மருந்து இல்லை, வலியும் இல்லை. கண்புரையும் இந்த இனத்தில் மிகுதி; அதை அறுவையால் நீக்க முடியும். ஆனால் அதற்கு முன் விழித்திரை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அது செத்துப்போயிருந்தால் புரையை எடுத்தும் பயனில்லை.

இந்த இரண்டும் மெல்ல வருபவை. கண் அழுத்த நோய் அப்படியன்று. ஒரு கண் சிவந்து, கருவிழி நீலம் பாய்ந்தாற்போல் மங்கி, கண் பாப்பா விரிந்து, நாய் அந்தப் பக்கத்தைத் தொடவிடாமல் சோர்ந்து படுத்தால், மணிக்கணக்கில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அறியுங்கள். காலையில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கண்ணுக்கு வந்தால் மற்றதற்கும் வரக்கூடும். அதற்கும் முன்கூட்டியே மருந்து தொடங்குவார்கள்.

குளிப்பாட்டி இரண்டு நாளில் மீண்டும் நாறுகிறது. முடியில் பிசுபிசுப்பும் பொடுகும் இருக்கின்றன.

தோலின் மேல்செல்கள் அளவுக்கு மீறி வேகமாக உதிர்ந்து எண்ணெய்ப் பசையுடன் படியும் குறை காக்கரில் பரம்பரையாகவே வரும். நாம் போடும் சோப்பு அதை மோசமாக்கும். மருத்துவர் சொல்லும் மருந்து ஷாம்பூவைத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும், ஊறாவிட்டால் பயனில்லை. கழுவிய பின் அடிமுடி வரை உலர்த்துவது அதைவிட முக்கியம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள் கீழுதட்டைச் சற்று இழுத்துப் பாருங்கள். அங்குள்ள மடிப்பில் எச்சிலும் சோறும் தேங்கிப் புண்ணாகியிருக்கும். பலரும் இதைப் பல் நாற்றம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

ஈறு வெளுத்துவிட்டது, சாப்பிடவில்லை. உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள், வேறு ஏதோ என்றும் சொல்கிறார்கள்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் பகுதியின் பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா, பபீசியா என்னும் இரு கிருமிகளைப் பரப்புகிறது. முதலாவது இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து மூக்கில் இரத்தம் வரச் செய்யும். இரண்டாவது சிவப்பணுக்களை உடைத்துச் சோகையையும் மஞ்சள் காமாலையையும் உண்டாக்கும். எந்த நாய்க்கும் இவை வரும். காக்கருக்கோ இவற்றுடன் இன்னொன்றும் சேர்கிறது: உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சிவப்பணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடும் நோய் மற்ற இனங்களைவிட இதில் அதிகம். பபீசியாவே அந்த நோயைத் தூண்டிவிடவும் கூடும். கிருமிக்கு ஒரு மருத்துவம், தன் அணுக்களையே அழிக்கும் நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு என்று இரண்டு மருத்துவங்களும் வேறானவை. அதனால் இரத்தத்தைப் பூச்செடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், முடிந்தால் பிசிஆர் சோதனை செய்வதும் அவசியம். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக நான்கு வாரம் தருவார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள்.

உண்ணி, காது மடலின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் குடியிருக்கும். இரத்தம் குடித்து முடித்ததும் நாயை விட்டிறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. நாய்க் கூண்டு, கதவிடுக்கு, மாட்டுக் கொட்டகை இருந்தால் அதன் சுவர் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். கையால் பிடுங்கி நசுக்காதீர்கள். இடுக்கியால் தலையோடு எடுத்துச் சோப்பு நீரில் போடுங்கள்.

ஒரு வயதுகூட ஆகவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கிறது, மெலிகிறது.

இங்கிலீஷ் காக்கர் என்றால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். சிறுநீரக வடிகட்டியின் மெல்லிய சவ்வு பிறவியிலேயே குறையோடு அமையும் பரம்பரை நோய் இவ்வினத்தில் உண்டு. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் வெளிப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் ஏறுவதற்கு வெகு முன்பே சிறுநீரில் புரதம் தெரிந்துவிடும். குணப்படுத்த முடியாது, உணவாலும் மருந்தாலும் நாட்களை நீட்டலாம். இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2007-இல் கண்டறியப்பட்டு, பரிசோதனையும் கிடைக்கிறது.

கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவம் முடிந்த ஒன்று இரண்டு மாதத்தில் இப்படித் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் சேர்ந்திருக்கலாம். அது அன்றே ஸ்கேன் பார்த்து, பெரும்பாலும் அறுவை செய்ய வேண்டிய நிலை.

என்ன உணவு கொடுக்கலாம்?

அளவு குறைவாக. வளர்ந்த காக்கர் ஏறக்குறைய 12 முதல் 15 கிலோ இருக்க வேண்டும். நம் வீடுகளில் 20 கிலோ காக்கர்களைப் பார்க்கிறேன். கெஞ்சும் கண்ணோடு பக்கத்தில் வந்து உட்காரும்போது மறுக்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கொழுப்பான இறைச்சித் துண்டும் எண்ணெய் மிதக்கும் சால்னாவும் இந்த இனத்தில் கணைய அழற்சியைத் தூண்டும்: முதுகை வளைத்து நிற்கும், வாந்தி நிற்காது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை நம் வீடுகளில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும். அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் மிகுதி, ஆகவே புளிக்குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். உப்பு, காரம் சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சி, முட்டை, சோறு, பூசணிக்காய் போன்றவற்றைக் கொடுக்கலாம். எல்லாச் சத்தும் கிடைக்கும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வலி என்று தெரிந்தால் நம் வீட்டு ஐபுபுரூஃபன் மாத்திரையைத் தராதீர்கள். அது நாயின் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் புண்படுத்தும்.

இரவில் இருமுகிறது. சளியா?

வயதான காக்கரில் இதயத்தைச் சந்தேகியுங்கள். ஆழ்ந்து தூங்கும்போது மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் எக்ஸ்ரேயும் எக்கோவும் எடுக்க வேண்டும். அமெரிக்கன் காக்கரில் இதயத் தசை தளரும் ஒரு வகை நோய்க்கு டாரின், கார்னிட்டின் என்னும் சத்துகள் சேர்த்துக் கொடுத்ததில் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள்.

தாயும் தந்தையும் நன்றாக இருந்தன; கென்னல் கிளப் சான்றிதழும் இருக்கிறது. பிறகு எப்படிக் குட்டிக்குப் பரம்பரை நோய் வந்தது?

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் பரம்பரையைச் சொல்கிறது; உடல்நலத்தைச் சொல்வதில்லை. மேலே சொன்ன விழித்திரை நோயும் சிறுநீரக நோயும் ஒடுங்கிய பண்பாக, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே, வருபவை. குறையுள்ள மரபணு ஒன்று மட்டும் இருந்தால் அந்த நாய் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு நாய்களைச் சேர்த்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. நலமாக இருந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்த 50 விழுக்காடு வாய்ப்பு. பெற்றோரில் ஒன்று சோதனையில் முற்றிலும் தெளிவு என்று வந்திருந்தால் குட்டிகளில் எதற்கும் அந்த நோய் வராது. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய துன்பத்தை, கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவியெடுத்து அனுப்பும் ஒரு சோதனையைச் செய்யாமல் தொடர்ந்து பிறப்பித்துக்கொண்டிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். குட்டி வாங்குவோர் தாயை நேரில் பாருங்கள், அதன் காதைத் தூக்கி முகருங்கள், இரண்டு சோதனைகளின் முடிவையும் கேளுங்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, குட்டி விற்பதற்காக வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது.

எதையும் கேட்காமலேயே குட்டி வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

மரபணுச் சோதனையை இப்போதும் செய்யலாம். எந்த வயதிலும் முடிவு ஒன்றுதான். அது வரும்வரை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயது முடியும்வரை சில மாதங்களுக்கு ஒரு முறை காலைச் சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டுத் தடுப்பூசிக்குப் போகும்போதே கண்ணீர் அளவையும் கண் அழுத்தத்தையும் எடையையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் இரண்டாவது நாய்க்குக் கண்ணீர் அளவு 18-இலிருந்து 11 ஆனதை அந்த நோட்டில் பார்த்துத்தான், பீளை கட்டும் முன்பே, மருத்துவர் மருந்தைத் தொடங்கினார்.